சுங்கை ரம்பாய் வானமும் இருபத்தேழு நாள்மீன்களும்: தமிழ்க் குழந்தைகளுக்கு விண்மீன்களைக் கற்பித்தல்

முன்னுரை

பெயர் சூட்டப்படும் முன்னரே ஒரு விண்மீனின் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் பேறு தமிழ்க் குழந்தைகள் பலருக்கு வாய்க்கின்றது. பிறந்த நாழிகையைக் குறித்துக்கொள்ளும் பெரியவர்கள் ‘குழந்தை உரோகிணி’, ‘குழந்தை சுவாதி’ என்று சொல்லிவிடுகின்றனர். கோயிலில் அருச்சனைச் சீட்டு எழுதும்பொழுதும், மணப்பொருத்தம் பார்க்கும்பொழுதும் அப்பெயர் வாழ்நாள் முழுதும் உடன்வருகின்றது. ஆயினும், ‘உன் உரோகிணி வானத்தில் எங்கே இருக்கின்றது?’ என்று வினவினால் விரல் நீட்டிக் காட்டக்கூடியவர் மிகச் சிலரே. பெயர் வீட்டில் இருக்கின்றது. மீன் வானத்தில் இருக்கின்றது. இரண்டையும் இணைக்கும் பாடம் எங்கும் இல்லை.

பள்ளி அறிவியலில் விண்மீன்களுக்கு இடமில்லாமல் இல்லை. மலேசியத் தொடக்கப் பள்ளிகளின் சீரமைக்கப்பட்ட கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில், நிலவின் கலைகளும் விண்மீன் கூட்டங்களும் ஐந்தாம் ஆண்டு அறிவியலில் ஒரே அலகாகவும், அண்டத் திரள் பற்றிய பகுதி ஆறாம் ஆண்டிலும் அமைந்துள்ளன. 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதால், இடைப்பட்ட ஆண்டுகளில் பயின்ற மாணவர்கள் இப்பொருளைத் தமிழில் சந்திக்கவில்லை. அக்கொள்கை மீட்டுக்கொள்ளப்படும் என்று 2009இல் அறிவிக்கப்பட்டு, பின்னர்ப் படிப்படியாகத் தமிழ்ப்பள்ளி அறிவியல் தமிழுக்குத் திரும்பியது. சொல் திரும்பிவிட்டது, அச்சொல் சுட்டும் பொருளைக் கண்ணால் காணும் வழக்கம் திரும்ப வேண்டியுள்ளது.

இக்கட்டுரை மலாக்கா மாநிலத்தின் சுங்கை ரம்பாய் வட்டாரத்தை இடமாகக் கொண்டு, அவ்வானத்தில் எவை எப்பொழுது தெரியும், தமிழ்க் குழந்தையிடம் முன்பே உள்ள பெயர்களை அவற்றோடு எங்ஙனம் பொருத்தலாம், அப்பொருத்தத்தால் எவ்வெக் கருத்துகள் தெளிவுறும் என்பவற்றை விளக்க முற்படுகின்றது.

1. சுங்கை ரம்பாயின் வானம்

ஜாசின் மாவட்டத்தின் தென்கோடியில், ஜொகூர் எல்லையாக ஓடும் கெசாங் ஆற்றுக்கு அணித்தே, மலாக்கா நீரிணையின் கரையை ஒட்டி அமைந்த ஊர் சுங்கை ரம்பாய். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் அது உள்ளது. சென்னை 13 பாகையிலும், தில்லி 28 பாகைக்குச் சற்று மேலும் உள்ளன. இச்சிறு எண் வேறுபாடே வானத்தை வேறாக்கிவிடுகின்றது.

முதலாவது, துருவ நட்சத்திரம். ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அது நிற்கும். சுங்கை ரம்பாயில் அதன் உயரம் ஏறத்தாழ 2 பாகை. கையை முழுதும் நீட்டிப் பிடித்தால் ஒரு விரலின் அகலம். செம்பனை மரங்களும் தொடுவானத்து மூட்டமும் அவ்விரல் அகலத்தை மறைத்துவிடும். ஆகவே, வடநாட்டு நூல்களைத் தழுவி ‘முதலில் துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி’ என்று தொடங்கும் பாடம் இங்கே முதற்படியிலேயே நின்றுவிடுகின்றது. குழந்தை தன் கண்ணைக் குறை கூறிக்கொள்ளும். குறை பாடத்தில் உள்ளது.

இரண்டாவது, இழப்புக்கு ஈடாகக் கிடைக்கும் செல்வம். பூமத்திய ரேகையை ஒட்டிய வானில் விண்மீன்கள் கிழக்கே ஏறத்தாழச் செங்குத்தாக எழுந்து, மேற்கே செங்குத்தாகத் தாழ்கின்றன. வடதுருவம் முதல் தென்துருவம் வரையிலான வானம் ஏறத்தாழ முழுமையும் ஓராண்டுக்குள் இவ்வூரைக் கடந்து செல்கின்றது. அனைத்துலக வானியல் ஒன்றியம் 1922இல் ஏற்று, 1928இல் எல்லை வகுத்த 88 விண்மீன் மண்டலங்களில் பெரும்பாலானவற்றை இங்கிருந்தே காண இயலும். அகத்தியர் எனப்படும் விண்மீன் தில்லியில் ஏறத்தாழ 9 பாகைக்கு மேல் எழுவதில்லை; சென்னையில் 24 பாகை; சுங்கை ரம்பாயிலோ 35 பாகை உயர்கின்றது. தென்சிலுவை சென்னையில் 17 பாகை, இங்கே 28 பாகை.

மூன்றாவது, கடிகாரம். மலேசியா 1982 சனவரி முதல் நாள் தொடங்கி கிரீன்விச்சுக்கு எட்டு மணி முந்திய நேரத்தைப் பின்பற்றுகின்றது. அந்நேரம் கிழக்கு 120 பாகைக்கு உரியது. சுங்கை ரம்பாய் 102 பாகைக்குச் சற்று மேல் உள்ளது. ஆதலால் இங்குக் கடிகாரம் கதிரவனை விட ஏறத்தாழ 70 நிமிடம் முந்தி ஓடுகின்றது. வேற்றுநாட்டு விண்மீன் வரைபடத்தைப் பயன்படுத்தும் ஆசிரியர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளாவிடில், படத்தில் உள்ளது வானில் இராது. கதிரவன் மறைவது மாலை 7 மணிக்குப் பின்னராதலின், இருள் நன்கு படிய 8.30 ஆகிவிடும். இக்கட்டுரையில் குறிக்கப்படும் இரவு 9 மணி மலேசியக் கடிகார நேரமே.

2. நாள்காட்டியும் நிலவும்

தமிழ் இல்லங்களில் சுவரில் தொங்கும் நாள்காட்டியைத் தினந்தோறும் கிழிக்கும் பணி பெரும்பாலும் குழந்தையுடையது. அத்தாளில் அன்றைய நட்சத்திரம் அச்சிடப்பட்டிருக்கும். அது எதைக் குறிக்கின்றது என்பதை விளக்கினால் அதுவே ஒரு வானியல் பாடம். நிலவு விண்மீன்களுக்கு இடையே ஒருமுறை வலம்வர 27 நாளும் ஏறத்தாழ 8 மணியும் ஆகின்றது. அப்பாதையை 27 சம பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் அதனருகே உள்ள ஒரு விண்மீனின் அல்லது சிறு மீன்தொகுதியின் பெயரை முன்னோர் இட்டனர். அன்றைய நட்சத்திரம் ‘மகம்’ என்றால் நிலவு அன்று மகத்தின் பகுதியில் இருக்கின்றது என்பதே பொருள். சங்க நூல்கள் இவற்றை நாள்மீன் என்றும், இடம்பெயரும் கோள்களைக் கோள்மீன் என்றும் பிரித்து வழங்கின. விண்மீன், நாள்மீன், கோள்மீன் ஆகிய மூன்று சொற்களும் வகுப்பறைக்கு மிகவும் ஏற்றவை. ‘நட்சத்திரம்’ என்னும் ஒரே சொல் எல்லா விண்மீன்களையும் குறித்து, இருபத்தேழு பகுதிகளையும் குறிப்பதால் எழும் குழப்பம் இதனால் நீங்கும்.

செயல்முறை எளியது. குழந்தை இருபத்தேழு நாள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கட்டும். நாள், நாள்காட்டியில் உள்ள நட்சத்திரம், நிலவின் வடிவம், அதன் அருகே தெரிந்த ஒளிமிக்க மீன் ஆகிய நான்கையும் பதிவு செய்யட்டும். நிலவு நாளொன்றுக்கு விண்மீன்களுக்கு இடையே 13 பாகை கிழக்கே நகர்வதை நீட்டிய கையின் முட்டியால் அளக்கலாம். ஒரு முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. நிலவின் கலைகளையும் விண்மீன் கூட்டங்களையும் கலைத்திட்டம் ஓரலகில் வைத்திருப்பதால், இந்த ஒரு குறிப்பேடு இரண்டுக்கும் பயன்படும். நாள்காட்டியில் நட்சத்திரம் மாறும் நேரமும் தரப்பட்டிருக்கும். அது இந்திய நேரமாயின் இரண்டரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். எல்லா நாள்மீனும் நிலவின் பாதையிலேயே அமைந்தவை அல்ல. மகமும் சித்திரையும் நிலவுப் பாதையை ஒட்டியவை. கேட்டையும் உரோகிணியும் அதற்குச் சில பாகை தள்ளியவை. சுவாதியும் திருவோணமும் அதற்கு வடக்கே ஏறத்தாழ 30 பாகை விலகி நிற்கின்றன. ‘இன்று சுவாதி, ஆனால் நிலவருகே சுவாதி இல்லையே’ என்று ஒரு குழந்தை கேட்குமாயின், அக்குழந்தை உண்மையிலேயே வானத்தைப் பார்த்திருக்கின்றது என்பது தெளிவு.

திருவிழாக்களும் துணைபுரிவன. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரைப் பௌர்ணமி, கார்த்திகைத் தீபம், மார்கழித் திருவாதிரை ஆகிய ஆறும், முழுநிலவு அந்தந்த நாள்மீனை ஒட்டி நிற்கும் நாளைச் சார்ந்தவை. மாதங்களின் பெயர்களே முழுநிலவு நிற்கும் நாள்மீனால் அமைந்தவை. மாசி மகத்தன்று மலாக்கா செங் பகுதியில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குச் செல்லும் குழந்தை, அன்றிரவு தலைநிமிர்ந்தால் நிலவின் அண்மையில் மகம் என்னும் அவ்விண்மீனையே காணலாம். பூசமும் கார்த்திகையும் மங்கலான மீன்தொகுதிகள். முழுநிலவின் ஒளியில் அவை கரைந்துவிடும். இரு வாரம் கழித்து, நிலவு முன்னிரவில் இல்லாத நாளில் அவற்றைத் தேடச் சொல்லலாம். இந்துக் குடும்பத்தைச் சாராத மாணவர்களும் வகுப்பில் இருப்பராதலின், பிறந்த நட்சத்திரத்தைக் கட்டாயமாகக் கேட்பதைவிட, ஒவ்வொருவரும் ஒரு நாள்மீனைத் தெரிந்தெடுத்துக்கொள்ளச் செய்வது நன்று.

3. மூவர் கண்ட வேட்டை

அறிவியல் பாடம் நான்கு விண்மீன் கூட்டங்களை அறிமுகப்படுத்துகின்றது. மலாய்மொழியில் அவை பெலாந்திக், பீடுக், பாரி, ஸ்கோர்ப்பியோ. மேலை வழக்கில் முறையே வேடன், பெருங்கரடியின் பகுதியான அகப்பை, தென்சிலுவை, தேள். தமிழ்க் குழந்தை மூன்று மொழிகளின் நடுவே வாழ்வதால், ஒரே வடிவத்தை மூன்று மக்கள் எங்ஙனம் கண்டனர் என்று காட்டுவது அதற்குப் புதிராகவும் இன்பமாகவும் அமையும்.

வேடன் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிரேக்கர் அங்கே தடியேந்திய வேட்டைக்காரனைக் கண்டனர். இந்திய மரபு அவ்வேடனின் தலைப்பகுதியில் மான்தலையைக் கண்டு மிருகசீரிடம் என்றது. நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களும் அம்மானைத் தைத்த அம்பு. அம்பெய்தவன் சற்றுத் தள்ளி ஒளிரும் சிரியசு. மலாய் மக்கள் கண்டது பெலாந்திக். அதாவது காட்டுவிலங்கைக் குத்திப் பிடிக்க ஈட்டி பொருத்தி வைக்கும் பொறி. வேடன், மான், பொறி என மூவரும் வேட்டையையே கண்டனர். ஆயினும் யாரும் வானத்தில் கோடு வரையவில்லை. கோடுகள் காண்பவன் மனத்தில் உள்ளவை. விண்மீன் கூட்டம் என்பது மனிதன் இட்ட வடிவம் என்னும் முதற்கருத்தை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

ஏனைய பெயர்களும் இத்தகையனவே. வடக்கே எழுமீன் என்று தமிழர் சுட்டிய ஏழு மீன்களை மலாய் மக்கள் பீடுக் என்னும் படகாகக் கண்டனர். தென்சிலுவை அவர்களுக்குப் பாரி, அதாவது திருக்கை மீன். கடலோர ஊராகிய சுங்கை ரம்பாய்க் குழந்தைக்குச் சிலுவையை விடத் திருக்கை மீன் எளிதில் விளங்கும். பால்வீதிக்கு மலாய்ப் பெயர் பீமா சக்தி. மகாபாரதத்துப் பீமனின் பெயர் அதனுள் இருப்பதைக் குழந்தைகள் உடனே கண்டுகொள்வர். தமிழாசிரியர் கவனிக்க வேண்டிய ஒன்று: சங்க வழக்கில் வடமீன் என்பது கற்புக்கு உவமையாகிய அருந்ததி, துருவ நட்சத்திரம் அன்று. அருந்ததி எழுமீனின் வால்பகுதியில் வசிட்டர் எனப்படும் மீனை ஒட்டி நிற்கும் மங்கலான மீன். சுங்கை ரம்பாயில் மார்ச்சு முதல் செப்டம்பர் தொடக்கம் வரை இரவு 9 மணிக்கு அது வடவானில் தெரியும். நண்பகல் மணவறையில் காட்டப்படுவதை ஓரிரவில் உண்மையாகவே காண்பது, குழந்தைக்கு மட்டுமன்றிப் பெற்றோர்க்கும் புதிய பட்டறிவாகும்.

4. தோற்றமும் உண்மையும்

இப்பாடத்தில் மிகுதியாகக் குழம்பும் இடம் ஒன்று உண்டு. விண்மீன் கூட்டம், விண்மீன் கொத்து, அண்டத் திரள் ஆகிய மூன்றையும் ‘கூட்டம்’ என்னும் ஒரே சொல்லால் நாம் சுட்டிவிடுகின்றோம். கூட்டம் என்றால் ஒன்றுகூடி நிற்பது. வேடன் கூட்டத்தின் மீன்கள் ஒன்றுகூடி நிற்கவில்லை. திருவாதிரை ஏறத்தாழ 550 முதல் 700 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதாகக் கணக்கிடப்படுகின்றது. வேடனின் காலாகிய ரைகல் ஏறத்தாழ 860 ஒளியாண்டு. மற்றொரு தோளாகிய பெலாட்ரிக்சு 250 ஒளியாண்டு. நம் கண்ணிலிருந்து ஒரே திசையில் தெரிவதால் மட்டுமே அவை ஓருருவம் ஆகின்றன.

இதற்கு மாறாகக் கார்த்திகை உண்மையான கொத்து. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில், ஒரே முகிலிலிருந்து பிறந்து, ஒன்றாக நகரும் நூற்றுக்கணக்கான இளம் விண்மீன்கள் அவை. உரோகிணியின் நிலை இன்னும் சுவையானது. அது வி வடிவில் தெரியும் ஒரு கொத்தின் உறுப்புப் போலவே தோன்றுகின்றது. ஆனால் அக்கொத்து 150 ஒளியாண்டுத் தொலைவிலும், உரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவிலும் உள்ளன. எழுமீனிலோ நடுவிலுள்ள ஐந்து மீன்கள் ஏறத்தாழ 80 ஒளியாண்டில் ஒன்றாக நகரும் உடன்பிறப்புகள். இரு முனைகளிலும் உள்ள இரண்டும் அயலார். தோற்றத்தை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்யலாகாது என்னும் அறிவியல் மனப்பான்மை இவற்றால் வளரும்.

வகுப்பறையில் இதனை ஒரு நீண்ட அட்டைப்பெட்டியும் நூலும் காகித உருண்டைகளும் கொண்டு காட்டலாம். 10 ஒளியாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால் பெலாட்ரிக்சு 25 செ.மீ., திருவாதிரை ஏறத்தாழ 60 செ.மீ., ரைகல் 86 செ.மீ. தொலைவில் தொங்கும். பெட்டியின் ஒரு முனையில் இட்ட துளை வழியே நோக்கினால் வேடன் தெரிவான். பக்கவாட்டில் நோக்கினால் வேடன் கலைந்துவிடுவான்.

ஒளியாண்டு என்னும் அளவும் குழந்தையின் வயதோடு பொருந்தும்பொழுதே உயிர்பெறும். தென்சிலுவைக்கு வழிகாட்டும் இரு மீன்களில் ஒன்றான ஆல்பா சென்டாரி 4.4 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஐந்தாம் ஆண்டு மாணவன் இன்று காணும் அதன் ஒளி, அவன் பாலர்பள்ளியை விட்டு முதலாம் ஆண்டுக்குள் நுழைந்த காலத்தை ஒட்டிப் புறப்பட்டது. சிரியசின் ஒளி அவனுக்கு இரண்டரை வயதானபொழுது கிளம்பியது. திருவோணம் 17, சுவாதி 37 ஒளியாண்டு. சுவாதியின் ஒளி ஆசிரியரின் இளமைக்காலத்தது. உரோகிணியின் ஒளி மலாயா விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின்னும், 79 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மகத்தின் ஒளி இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தை ஒட்டியும் புறப்பட்டவை.

இனி அண்டத் திரள். பள்ளித் திடலில் ஒரு மீட்டர் அகலத்தில் சுருள்வடிவக் கோலம் ஒன்று போடச் செய்யலாம். அதுவே ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு அகலமுள்ள நம் பால்வீதி. மையத்திலிருந்து 26 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வைத்தால் அங்கே நம் கதிரவன். நாம் வெறுங்கண்ணால் காணும் விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவை அப்புள்ளியைச் சுற்றி ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். வேடனும் தேளும் எழுமீனும் இருபத்தேழு நாள்மீன்களும் அக்கட்டைவிரலுக்குள். அடுத்த பெரிய திரளான ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில், அதாவது கோலத்திலிருந்து 25 மீட்டர் தள்ளித் திடலின் மறுகோடியில் இருக்கும். விண்மீன் கூட்டத்துக்கும் அண்டத் திரளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை நடந்தே அறிந்துகொள்ளும்.

மலாக்காவுக்கு இதில் ஒரு தனி உரிமையும் உண்டு. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியப் படையில் மெகல்லன் இருந்தார். பின்னர் 1519இல் அவர் தலைமையில் தொடங்கிய கடற்பயணத்தால் தென்வானின் இரு வெண்முகில்கள் அவர் பெயரைப் பெற்றன. அவை முகில்கள் அல்ல. ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டிலும் 2,00,000 ஒளியாண்டிலும் உள்ள சிறு அண்டத் திரள்கள். நம் கோலத்துக்கு வெளியே, ஒன்றரை, இரண்டு மீட்டர் தொலைவில் அவை அமையும். பெரிய மெகல்லன் முகில் சுங்கை ரம்பாயில் பிப்ரவரி முன்னிரவில் தென்வானில் 19 பாகை வரை எழுகின்றது. மூட்டமும் நகர ஒளியும் இல்லாத இரவே அதனைக் காட்டும்; வடநாட்டுக் குழந்தைக்கோ அவ்வாய்ப்பு எந்நாளும் இல்லை.

5. புறநானூற்று வானத்தை நேரில் காணுதல்

தமிழ் இலக்கிய வகுப்பும் அறிவியல் வகுப்பும் ஒரே முற்றத்தில் சந்திக்கும் இடம் புறநானூற்று 229ஆம் பாட்டு. கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைவதற்கு முன் விழுந்த ஒரு மீனைக் கண்டு கூடலூர் கிழார் பாடியது அது. பழைய உரையின்படி, அது பங்குனி மாதம், நாள் கார்த்திகை, நள்ளிரவு. உச்சியில் நின்ற உத்திரம் சாயத் தொடங்க, அதற்கு எட்டாவதாகிய மூலம் எதிரே எழ, முன்சென்ற எட்டாவதாகிய மிருகசீரிடம் நீர்த்துறையில் தாழ, அந்நேரத்தில் மீன் விழுந்தது. உச்சி, எழுச்சி, மறைவு ஆகிய மூன்று நிலைகளால் நேரத்தைக் குறிக்கும் இம்முறை, வானத்தையே கடிகாரமாகக் கொண்டது.

இக்காட்சியைச் சுங்கை ரம்பாயில் காண நள்ளிரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மே 20ஆம் நாளை ஒட்டி இரவு 9 மணியளவில் உத்திரம் ஏறத்தாழ உச்சியை அடைகின்றது. தென்கிழக்கே மூலம் எழத் தொடங்குகின்றது. மேற்கே, நீரிணையின் பக்கம், மிருகசீரிடம் தாழ்கின்றது. விண்மீன்கள் செங்குத்தாக எழுந்து தாழும் இடமாதலின், உச்சிக்கு இருபுறமும் எட்டெட்டு எண்ணும் புலவரின் கணக்கு இங்கு மிகத் தெளிவாகப் பொருந்துகின்றது. தொடுவானத்தின் மூட்டம் எழுவதையும் தாழ்வதையும் சிறிது மறைக்கலாம். அரைமணி முன்னும் பின்னும் பார்த்தால் ஐயம் தீரும்.

விழுந்த மீனைப் பற்றியும் பேசலாம். அரசன் சாவுக்கு அறிகுறி என்று அன்று அஞ்சப்பட்டது, நிலத்துக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் எரியும் விண்கல் துகள் என்று இன்று அறிகின்றோம். புலவரின் நோக்குத் துல்லியமானது. அவர் காலத்து விளக்கம் வேறு. நோக்கையும் விளக்கத்தையும் பிரித்தறியக் கற்பதே அறிவியற் கல்வியின் உயிர்.

6. நட்சத்திர அச்சம்

இப்பிரிப்பு ஏட்டளவில் நிற்பதன்று. மூலம், ஆயில்யம், கேட்டை முதலிய நாள்களில் பிறந்த பெண்குழந்தைகளைக் குறித்து, மாமனாருக்கு ஆகாது, மாமியாருக்கு ஆகாது என்னும் பேச்சு நம் குடும்பங்களில் இன்னும் கேட்கப்படுகின்றது. தன் பிறப்பே பிறருக்குத் தீங்கு என்னும் எண்ணம் பத்து வயதுச் சிறுமியின் உள்ளத்தில் விழுமாயின் அதன் சுமை எளிதன்று. சோதிட நம்பிக்கையோடு வாதிடுவது பள்ளிப் பாடத்தின் பணியாகாது. ஆனால் மூலம் என்பது தேளின் வால்முனையில் ஒளிரும் அழகிய மீன்தொகுதி என்றும், அனுடம், கேட்டை, மூலம் ஆகிய மூன்று நாள்மீன்களும் சேர்ந்தே அத்தேளின் தலை, நெஞ்சு, வால் என அமைகின்றன என்றும், நம் பால்வீதியின் மையமே அவ்வால்முனைக்கு அண்மைத் திசையில்தான் உள்ளது என்றும் காட்டலாம். கேட்டை, கதிரவனைப் போல் பல நூறு மடங்கு விட்டமுள்ள செம்பெருமீன். அதன் ஒளி ஏறத்தாழ 550 ஆண்டுகளுக்கு முன், மலாக்கா சுல்தானகத்தின் காலத்தில் புறப்பட்டது. தன் பெயருக்குரிய மீனை நேரில் கண்ட சிறுமி அதனைக் குறித்து வெட்கப்பட மாட்டாள். பிறருக்கும் எடுத்துக் காட்டுவாள்.

7. ஆண்டின் நான்கு இரவுகள்

ஆண்டு முழுதும் வானத்தைக் கற்பிக்க ஆசிரியருக்கு நேரம் இராது. நான்கு இரவுகள் போதும். நான்கும் 9 மணி. பிப்ரவரி நடுவில் வேடனின் மூன்று மீன்களும் தலைக்கு நேர்மேலே நிற்கும். உரோகிணி, திருவாதிரை, கார்த்திகை, சிரியசு, தெற்கே அகத்தியர் யாவும் அன்று தெரியும். மேற்குக் கரையில் மழை குறைந்த காலமாதலின் இதுவே முதற்பாடத்துக்கு ஏற்றது. மே இறுதியில் வடக்கே எழுமீனும் தெற்கே தென்சிலுவையும் ஏறத்தாழ ஒத்த உயரத்தில் எதிரெதிரே நிற்கும். இடையே சுவாதியும் சித்திரையும் ஒளிரும். ஆகத்து தொடக்கத்தில் தேள் தென்வானில் உயர்ந்து நிற்க, அதன் வாலையொட்டிப் பால்வீதியின் அடர்பகுதி தெரியும். புகைமூட்டம் மட்டும் இடையூறு செய்யக்கூடும். திசம்பர் தொடக்கத்தில் பூரட்டாதியும் உத்திரட்டாதியும் அமைக்கும் பெருஞ்சதுரமும், அதற்கு வடக்கே ஆண்ட்ரோமீடாத் திரளும் உச்சிக்கு அணித்தாக வரும். மழைக்காலமாதலின் இடைவெளி பார்த்திருக்க வேண்டும்.

குழந்தைகளை இரவில் பள்ளிக்கு அழைப்பது எளிதன்று. ஆதலின் வீட்டுப் பெரியவருடன் பத்து நிமிடம் வாசலில் நிற்பதையே வீட்டுப்பாடமாக்கலாம். இதில் ஒரு பயனும் உண்டு. பால்மரம் வெட்டிய தலைமுறையினர் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்றவர்கள். விடிவெள்ளியை அவர்கள் அறிவர். விடிவெள்ளி விண்மீன் அன்று, வெள்ளி என்னும் கோள்மீன் என்று பேரக்குழந்தை சொல்லவும், அது எந்நேரத்தில் எங்கே எழும் என்று தாத்தாவும் பாட்டியும் சொல்லவும் அங்கே இடமுண்டு. பகலில் வகுப்பில் பயிற்சி தர, பழைய மைலோ டின்னின் அடிப்பகுதியில் ஆணியால் எழுமீனின் வடிவில் துளையிட்டு, உள்ளே கைவிளக்கை வைத்துச் சுவரில் ஒளிவீழ்த்தலாம். உள்ளிருந்து ஒளி வீழ்வதால், டின்னுக்கு உள்ளிருந்து பார்க்கும்பொழுது வடிவம் சரியாகத் தெரியுமாறு துளையிட வேண்டும். அவ்வாறிடாவிடில் சுவரில் வடிவம் இடவலமாக மாறிவிடும். வாய்ப்புள்ள பள்ளிகள் மாநிலத்தின் மறுகோடியில் தஞ்சோங் பிடாராவில் உள்ள அல்-குவாரிஸ்மி வானியல் வளாகத்துக்கோ, கோலாலம்பூரில் உள்ள தேசியக் கோளரங்கத்துக்கோ மாணவரை அழைத்துச் செல்லலாம். வீட்டு வாசலில் வானத்தைக் கண்ட பின் செல்லும் குழந்தைக்கே கோளரங்கம் முழுப்பயன் தரும்.

முடிவுரை

விண்மீன் பாடத்துக்குத் தொலைநோக்கியும் பெரும்பொருளும் இன்றியமையாதன அல்ல. தமிழ்க் குழந்தையிடம் இருபத்தேழு பெயர்கள் உள்ளன. சுவரில் நாள்காட்டி உள்ளது. தலைக்கு மேலே இரு துருவங்களையும் ஏறத்தாழத் தொட்டு நிற்கும் அரிய வானம் உள்ளது. அவற்றை இணைக்கும் பணி ஆசிரியருடையது. அறிவியலாசிரியர் நாள்மீன்களின் பெயர்களையும், தமிழாசிரியர் அவற்றின் தொலைவுகளையும் அறிந்துகொண்டால் இப்பணி பாதி முடிந்தது. தோட்டங்கள் குறைந்து குடும்பங்கள் நகரங்களை நோக்கிச் செல்லும் காலம் இது. நகரத்தின் ஒளியில் கார்த்திகை முதலில் மறையும், பால்வீதி அதற்கும் முன்னரே மறைந்திருக்கும். சுங்கை ரம்பாய் போன்ற ஊர்களில் இன்னும் ஓரளவு இருண்ட இரவு எஞ்சியுள்ளது. அது எஞ்சியிருக்கும்பொழுதே, தன் பெயருக்குரிய மீனைக் கைநீட்டிக் காட்டத் தெரிந்த ஒரு தலைமுறையை நாம் உருவாக்கிவிட வேண்டும்.